இரண்டாவது காயம்

கொள்ளேகாலம் தாலுகா மெட்ராஸ் ராஜ்யத்தை விட்டு மைசூர் ராஜ்யத்தோடு சேர்ந்த மறு வருஷம் என் கணவருக்கு முதல் கொலைக் கேஸ் வந்தது. வந்தது என்று சொல்வதைவிட, கோர்ட்டே கொடுத்தது என்று சொல்லலாம். வக்கீல் வைத்துக்கொள்ள வழியில்லாத ஒருவன்மேல் கொலைக் குற்றம் சாட்டப்பட்டால், செஷன்ஸ் கோர்ட் தானாகவே அவனுக்கு ஒரு வக்கீலை நியமிக்கும். இந்த ஆள் கௌதள்ளிப் பக்கத்து விவசாயி. தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாது. "உங்கள் வீட்டில் தமிழ்தானே பேசுகிறீர்கள்?" என்று ஜட்ஜ் இவரைக் கேட்டாராம். இவரும் தலையாட்டிவிட்டு, கேஸ் கட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் பேசியது தமிழ்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக மேல்கோட்டையிலும் மைசூரிலும் இருந்து பழகிய தமிழ். அதில் பாதி கன்னடம். நான் ஈரோட்டில் வளர்ந்தவள். என் அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் உத்தியோகம். கல்யாணமாகி மைசூர் அக்ரஹாரத்து வீட்டுக்கு வந்த புதிதில், மாமனாரும் இவரும் பேசிக்கொள்வது எனக்கே பாதிதான் புரியும். அப்படியிருக்க, கௌதள்ளியிலிருந்து வருகிறவர்களுக்கு என்ன புரியும்?

அது முதல் நாளே தெரிந்துவிட்டது. அந்த ஆளின் மனைவி, விடிவதற்கு முன்பே ஊரில் பஸ் ஏறி, கொள்ளேகாலத்தில் வேறு பஸ் மாறி, வெயில் ஏறிய பிறகு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். முப்பதுகூட ஆகவில்லை. இவர் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"அன்னிக்குப் பாவி ஹத்தர யார் யார் இருந்தா?"

அவள் முகம் சுண்டிப்போயிற்று.

"பாவின்னு சொல்லாதீங்க சாமி. செத்தவரும் எங்க பங்காளிதானுங்க. இவுரும் பாவியில்லீங்க."

கன்னடத்தில் பாவி என்றால் கிணறு. இவர் கேட்டது, கிணற்றுப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று. இவருக்கு அவள் ஏன் அழுகிறாள் என்று விளங்கவில்லை. உள்ளே இருந்த என்னைக் கூப்பிட்டார்.

"ஸ்வல்ப வந்து நீ கேட்டுச் சொல்லேன்."

அன்றிலிருந்து அந்தக் கேஸ் முடிகிற வரைக்கும் இவர்கள் இருவருக்கும் நடுவில் நான்தான் பேசினேன். நான் ஈரோட்டுப் பக்கத்துப் பேச்சில் அவளிடம் "கேணிக்கிட்ட யாரு இருந்தாங்கன்னு கேக்கறாரு" என்றதும், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இப்போதும் நினைவிருக்கிறது. ஏதோ தன் ஊர்க்காரியைக் கண்டுவிட்டதுபோல் பார்த்தாள்.

"போன வருசம் வரைக்கும் எங்கூர்க்காரங்க கோர்ட்டுக்குன்னா கோயமுத்தூருக்குத்தானுங்க போவாங்க. இப்ப மைசூருங்கறாங்க. அங்கன்னா பேசறதாச்சும் வெளங்குமுங்க" என்றாள்.

நடந்தது இதுதான். அண்ணன் தம்பி பிள்ளைகளான இரண்டு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரு கிணறு. இன்றைக்கு இவன் எருது பூட்டித் தண்ணீர் இறைத்தால் நாளைக்கு அவன். மழை பொய்த்த வருஷம். தன் முறையில் பெரியப்பா மகன் இறைத்துக்கொண்டிருந்தான் என்று இவன் போய்க் கேட்டிருக்கிறான். வாய்ச்சண்டை கைச்சண்டை ஆயிற்று. பெரியப்பா மகன் கிணற்றின் கல்படிகளில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தான். மண்வெட்டியின் பின்பக்கத்தால் அடித்துக் கொன்றான் என்றது போலீஸ். கால் வழுக்கி விழுந்தான் என்றான் இவன். தூரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவன் மட்டும் இருவரும் கட்டிப் புரண்டதைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னான். ஆடு ஒன்று வேலி தாண்டியதால் அதன் பின்னால் ஓடினேன், பிறகு அலறல்தான் கேட்டது என்றான்.

இறந்தவனின் தலையில் இரண்டு காயம். பரிசோதித்த டாக்டர் கூண்டில் ஏறியபோது என் கணவர் அவரை வளைத்து வளைத்துக் கேட்டார். ஒரு காயம் கல்லில் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் அல்லவா? இருக்கலாம். விழுந்தவன் படிகளில் உருண்டிருந்தால் இன்னொரு காயமும் அப்படியே ஏற்பட்டிருக்கலாம் அல்லவா? டாக்டர் தயங்கி, "இருக்கக் கூடாது என்று சொல்ல முடியாது" என்றார். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்த இவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்தில் நின்று அந்தப் பதிலை எனக்குச் சொல்லிக் காட்டினார்.

தீர்ப்பு வந்தது. கொலை என்று வைத்துக்கொள்ள முடியாது. திடீர்ச் சண்டையில் உயிர் போயிருக்கிறது. ஐந்து வருஷம் கடுங்காவல். தூக்கு விழும் என்று எல்லாரும் பயந்துகொண்டிருந்த கேஸ் அது. கோர்ட் வராந்தாவில் சக வக்கீல்கள் இவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்களாம். அவள் எங்கள் வீட்டுக்கு வந்து வாசற்படியருகே உட்கார்ந்து, "அஞ்சுதானுங்களா? அஞ்சுதானுங்களா?" என்று இரண்டு தரம் கேட்டாள். நான் காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். அவள் எங்கள் வீட்டில் வாசலையும் கொல்லையையும் தவிர உள்ளே வந்ததில்லை. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. அதைப் பற்றி அவளும் பேசினதில்லை, நானும் பேசினதில்லை.

அவளுக்கு அந்த ஐந்து போதும். நன்னடத்தைக்குக் கழிவு போக நாலுக்குள் முடிந்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பொம்பிளைப் பிள்ளை ஒன்று. நிலத்தைப் புருஷனின் அண்ணனிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தாள். அதுவரை ஓட்டிவிடலாம் என்று மனசுக்குள் எல்லாவற்றையும் அடுக்கி வைத்துவிட்டாள்.

என் கணவருக்குத்தான் போதவில்லை.

"கண்ணால பார்த்தவா ஒத்தர்கூட இல்லே. டாக்டரே விழுந்திருக்கலாம்னு சொல்லிட்டார். அப்பறம் அஞ்சு வருஷம் எதுக்கு? சும்மனே ஒருத்தனை உள்ளே வெக்கறதுக்குச் சட்டத்துல எடம் இல்லே. ஹைகோர்ட்டுக்குப் போனா குற்றவாளிங்கற தீர்ப்பே நிக்காது."

நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் உடனே தலையை ஆட்டினாள்.

"வேண்டாமுங்கம்மா. இருந்துபோட்டு வரட்டுமுங்க."

"ஏன், உன் புருஷன் சீக்கிரம் வரவேண்டாமா?"

"மேல போனாக் கூடிப்போவுமுங்களா?"

இதை நான் இவரிடம் கேட்டேன். இவர் மறைக்கவில்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். "கூட்டறதுக்கு அதிகாரம் உண்டு. நோட்டீஸ் குடுத்துட்டுக் கூட்டலாம். நான் பார்த்தவரைக்கும் யாருக்கும் கூட்டினதில்லே" என்றார். நானும் ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் ஒருதரம் திரும்பி இவரைப் பார்த்தாள். பிறகு, "கொஞ்சம் அந்தப் பக்கம் வர்றீங்களா?" என்றாள்.

கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நின்று அவள் சொன்னாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் நடுங்கவில்லை.

"நான் அன்னைக்குச் சோறு கொண்டுகிட்டுப் போயிருந்தேனுங்க. வரப்புல வர்றப்பவே பாத்தேன். மொத அடி கோவத்துல அடிச்சதுங்க. அவுரு கீழ விழுந்துட்டாரு. விழுந்தவரு எந்திரிக்கவே இல்லை. கையை மட்டும் இப்படித் தூக்குனாரு. எங்கூட்டுக்காரரு மறுக்கா ஒண்ணு அடிச்சாரு. அந்த ரெண்டாவது அடி வேண்டாததுங்கம்மா."

நான் கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

"கோர்ட்டுல வந்து, வழுக்கி விழுந்தாருன்னு சொல்லச் சொன்னாரு. நான் மாட்டேனுட்டேன். நடக்காததை எப்படிங்க சொல்றது? அந்தக் கோவம் அவுருக்கு எம்மேல இன்னும் தீரலை. அஞ்சோட விட்டதே சாமி புண்ணியம். அதைப் போயி எதுக்குங்க கிண்டணும்?"

அன்றே நான் இவரிடம் சொல்லிவிட்டேன். இவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"அவ சொன்னது கோர்ட்டு ரெக்கார்டுல இல்லே. இல்லாததை வெச்சு நான் எதையும் தீர்மானிக்க முடியாது. அவன் எங்கிட்ட அடிக்கலேன்னுதான் சொல்றான். அவன்தான் என் கட்சிக்காரன். அவ இல்லே."

"ஆனா அவளுக்குத்தானே தெரியும்?"

"தெரிஞ்சதை எல்லாம் வெச்சுண்டு வக்கீல் தொழில் பண்ண முடியாது."

கடுமையாகச் சொல்லவில்லை. பாடம் ஒப்பிக்கிறவர் மாதிரி சொன்னார். அவருக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அப்பீலில் ஒருவனை முழுசாக விடுவித்துக் கொண்டுவந்தோம் என்கிற பெயர் அந்த வயதில் எந்த வக்கீலுக்குத்தான் வேண்டாம்? பைசா வாங்காமல் செய்தார். ஆசை இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. எது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

கடைசியில் முடிவு சிறையில் இருந்தவனுடையதுதான். கையெழுத்தோ ரேகையோ அவன்தான் வைக்க வேண்டும். பேச்சுத் துணைக்கு என்னையும் ஜெயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் ஒரு முரடனை எதிர்பார்த்துப் போனேன். வந்தவன் ஒல்லியாக, சுத்தமாக, மெதுவாகப் பேசுகிற ஆள். என்னைப் பார்த்ததும் தலையிலிருந்த குல்லாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டான். எருதுகள் எப்படி இருக்கின்றன என்று தெரியுமா என்றுதான் முதலில் கேட்டான்.

தண்டனை கூடவும் கூடும் என்பதை அவனிடமும் சொன்னேன்.

"கூடாதுங்க. கீழ இருக்கறவரு அவசரத்துல முடிச்சுப்போட்டாரு. மேல இருக்கறவங்க எல்லாத்தையும் நல்லாப் படிப்பாங்க. படிச்சாத் தெரிஞ்சுருமுங்க."

"உன் சம்சாரம் வேண்டாங்கறாளே" என்றேன்.

அவன் முகம் மாறவில்லை. "அவ என்னைக்குத்தான் எனக்கு வேணுங்கறதைச் சொன்னா? நாஞ் செய்யலீங்க. செய்யாததுக்கு அஞ்சு நாளு இருந்தாலும் அது தண்டனைதானுங்களே?" என்றான். சொல்லிவிட்டு ரேகை வைத்தான்.

அவன் பொய் சொல்கிறவன் போலவே இல்லை. அதுதான் எனக்குத் திகிலாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியில் இவர், "பார்த்தயோ? குத்தம் பண்ணினவன் இப்படிப் பேசுவனோ?" என்றார். 

அப்பீல் மனுவை இவரே எழுதினார். தீர்ப்பு தப்பு என்பதற்கு முதல் காரணமாக டாக்டர் சொன்ன பதிலைத்தான் வைத்தார். இரண்டு காயமும் விழுந்ததால் ஏற்பட்டிருக்கலாம் என்று மருத்துவரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. குற்றவாளி என்ற தீர்ப்பை ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தண்டனையையாவது குறைக்க வேண்டும் என்று முடித்திருந்தார். கோர்ட்டுக்கு எதிரே டைப் அடிக்கிற கடையில் கொடுத்து அடித்து வாங்கி வந்து, பூஜை அறையில் ஒரு நாள் வைத்திருந்துவிட்டுப் பெங்களூருக்கு எடுத்துப் போனார்.

கொஞ்ச காலம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு நாள் மத்தியானம், வழக்கமாகக் கோர்ட்டில் இருக்கிற நேரத்தில் இவர் வீட்டுக்கு வந்தார். கோட்டைக் கழற்றாமலே ஊஞ்சலில் உட்கார்ந்தார். உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன்.

"அப்பீலை எடுத்துண்டுட்டா. கூடவே நோட்டீஸ் போட்டிருக்கா."

"என்ன நோட்டீஸ்?"

"தண்டனையை ஏன் அதிகப்படுத்தக் கூடாதுன்னு காரணம் சொல்லச் சொல்லி."

மனுவில் முதல் காரணமாக டாக்டரின் சாட்சியம் இருந்ததால், நீதிபதிகள் அதைத்தான் முதலில் எடுத்துப் படித்திருக்கிறார்கள். இவர் கேட்ட கேள்விக்கு வந்த பதிலோடு நிற்காமல், அதற்கு முன்னாலும் பின்னாலும் டாக்டர் சொன்னதையும் முழுக்கப் படித்திருக்கிறார்கள். ஒரு காயம் முன்பக்கம், ஒரு காயம் பின்பக்கம். கீழ்க் கோர்ட்டில் யாரும் அழுத்திக் கேட்காமல் விட்ட விஷயம் அது.

"வேண்டாம்னு திருப்பி வாங்கிண்டுட்டா?" என்றேன்.

"அதெல்லாம் இனிமே முடியாது. நோட்டீஸ் போட்டாச்சுன்னா அப்பீலை வாங்கிண்டாலும் நோட்டீஸ் நிக்கும்."

மறுபடியும் ஜெயிலுக்குப் போனோம். நோட்டீஸ் அதற்குள் அவனுக்கும் வந்திருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அது என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. விடுதலைச் சேதி என்று யாரோ ஒரு கைதி சொல்லியிருந்தானாம். காகிதத்தை மடித்து இடுப்பில் வைத்திருந்தான். அது என்ன என்பதை அவனுக்குச் சொல்லும் வேலை எனக்கு வந்தது. நான் சொல்லி முடிக்கிற வரை அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எனக்கு ஒண்ணும் வேண்டாமுன்னு எழுதிக் குடுத்தர்றேனுங்க. அஞ்சே இருக்கறேன்."

"அது முடியாதாம்."

"நாந்தானுங்களே கேட்டேன்? நானே வேண்டாங்கறப்ப எப்படிங்க முடியாது?"

இதை இவரிடம் சொன்னேன். இவர் சட்டத்தில் எந்தப் பிரிவு என்று விளக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். "கொலைன்னு மாத்த முடியாது, தூக்கு வராதுன்னு மட்டும் சொல்லு" என்றார். சொன்னேன். அவன் தலையசைத்தான். அதில் ஆறுதல் எதுவும் அவனுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

விசாரணைக்குத் தானும் வருவேன் என்றாள் அவள். அவளைத் தனியாகப் பெங்களூருக்கு அனுப்ப மனசில்லாமல் நானும் புறப்பட்டேன். காலை ரயிலில் இவர் வேறு பெட்டியில் கட்டைப் படித்துக்கொண்டு வந்தார். நாங்கள் இருவரும் பெண்கள் பெட்டியில் ஜன்னலோரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் பாலம் வந்தபோது அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது காவேரிங்களா?"

"ஆமாம்."

"எங்கூருக்கு அந்தாண்ட மலைக்குள்ள ஓடறதும் இதேதானுங்களா?"

"இதேதான்."

பாலம் தாண்டுகிற வரை அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்தாள்.

ஹைகோர்ட்டுச் சிவப்புக் கட்டடத்தின் அந்தக் கூடம் மிகவும் உயரம். பின் பெஞ்சில் எங்களை உட்கார வைத்தார்கள். இரண்டு நீதிபதிகள். இவர் எழுந்து பேச ஆரம்பித்தார். நன்றாகத்தான் பேசினார். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் புரிந்தவரை சொல்கிறேன். ஆடு மேய்த்தவன் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை என்றார். மண்வெட்டியில் ரத்தம் இருந்ததாக நிரூபிக்கவில்லை என்றார். டாக்டரின் பதிலைப் படித்துக் காட்டினார். மூத்த நீதிபதி அதுவரை குறுக்கிடவே இல்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு அமைதியாக ஒரு கேள்வி கேட்டார். கோபமோ ஏளனமோ அதில் இல்லை.  என் கணவர் கட்டைப் புரட்டினார்.

அவள் என் புடவைத் தலைப்பை இழுத்தாள்.

"என்னங்கம்மா கேக்கறாரு?"

அவள் காதோடு சொன்னேன். "ஒருதரம் விழுந்தவனுக்கு முன்னாடியும் பின்னாடியும் எப்படி அடிபடும்னு கேக்கறார்."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"செரியாத்தானுங்க கேக்கறாரு" என்றாள்.

உருண்டிருக்கலாம் என்றார் இவர். எத்தனை படி என்று கேட்டார்கள். போலீஸ் போட்ட வரைபடத்தைப் பார்த்தால் இறந்தவன் கிடந்தது மேல் படியிலேயே. உருளவே இல்லை. இவர் வேறு ஏதேதோ சொன்னார். அதற்குப் பிறகு நீதிபதிகள் எதுவும் கேட்கவில்லை. அதுதான் முடிந்துவிட்டதற்கு அடையாளம் என்று அன்று எங்கள் இருவருக்கும் தெரியாது.

சாப்பாட்டு வேளைக்குப் பிறகு அங்கேயே தீர்ப்பைச் சொல்லி எழுத வைத்தார்கள். அப்பீல் தள்ளுபடி. கீழே விழுந்து கிடந்த ஆளை மறுபடி அடித்தவனுக்கு ஐந்து வருஷம் என்பது போதாது. பத்து வருஷம்.

அவள் பார்த்ததை யாரிடமும் சொல்லாமலே, அவர்கள் காகிதத்திலிருந்து படித்து எடுத்துவிட்டார்கள். நியாயமான தீர்ப்புதான். நியாயமில்லை என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. "பத்து" என்று நான் விரல்களை விரித்துக் காட்டியபோது அவள் அழவில்லை. படியிறங்கும்போது கால் பின்னி என்மேல் சாய்ந்தாள், அவ்வளவுதான். திரும்பி வருகிற ரயிலில் ஒருதரம் மட்டும், "எம் புள்ளைக்கு அப்ப பதினாறு ஆயிருமுங்க" என்றாள்.

அதன் பிறகு அவள் மாதம் ஒருமுறை ஜெயிலுக்கு வந்துகொண்டிருந்தாள். அவன் பார்க்க வரமாட்டேன் என்றுவிட்டான். பேட்டிக்கு ஆள் வந்திருக்கிறது என்று வார்டர் போய்ச் சொன்னால், யார் என்று கேட்பானாம். சம்சாரம் என்றால் உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டானாம். அவள் பேட்டி நேரம் முடிகிற வரை வெளியே நின்றுவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவாள்.

"இன்னைக்கும் வரலீங்க. நான் அன்னைக்குக் கூண்டுல ஏறி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் ஊட்டுல இருப்பேங்கறாராம்."

"நீ சொல்லியிருந்தாலும் கோர்ட்டுல நம்பியிருக்க மாட்டா" என்றேன் ஒருமுறை.

"தெரியுமுங்க. அவுருக்குத் தெரியோணுமே?"

இவர் அவனிடம் போய்ப் பேசிப் பார்த்தார். அந்தத் தடவை நான் போகவில்லை. இவருடைய தமிழ் அவனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. "அவ பேரையே எடுக்க வேண்டாம்னுட்டான்" என்று வந்து சொன்னார். அதன் பிறகு இவர் கிரிமினல் கேஸ் எடுப்பதையே குறைத்துக்கொண்டார். அதை ஒரு தீர்மானமாக அவர் சொன்னதில்லை. வருகிற கட்சிக்காரர்களை மற்றவர்களிடம் அனுப்பினார். சொத்துப் பத்திரம், பாகப்பிரிவினை, உயில் என்று மெல்ல மெல்ல அந்தப் பக்கமே போய்விட்டார்.

மூன்றாம் வருஷமோ என்னவோ, அவளுடைய வருகை குறைந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவள் புருஷனின் அண்ணன், நாலு வருஷம் என்றால் பார்த்துக்கொள்ளலாம், பத்து வருஷத்துக்கு யார் பார்ப்பது என்று ஆரம்பித்தானாம். முதலில் அவள் பங்குக்கு ராகி கொடுப்பது நின்றது. பிறகு அவள் இருந்த அறையில் அவன் மாட்டுத் தீவனத்தைக் கொண்டுவந்து அடைத்தான். என் கணவர் அவனுக்கு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புகிறேன் என்றார். அவள் பதறிப்போய் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"கோர்ட்டு வேண்டாமுங்க சாமி. எதுவும் வேண்டாமுங்க."

கடைசியாக அவள் வந்தது ஒரு மழை நாளில். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். மேட்டூரில் அவளுடைய தம்பி கல் உடைக்கிற இடத்தில் வேலையாக இருந்தான். அங்கேயே போய்விடப் போவதாகச் சொன்னாள். அன்றும் ஜெயில் வாசலுக்குப் போய்விட்டுத்தான் வந்திருந்தாள். பிள்ளை வந்திருக்கிறது என்று சொல்லியனுப்பியும் அவன் வரவில்லை. நான் சாதம் போட்டேன். அந்தச் சின்னப் பெண் தலை நிமிராமல் சாப்பிட்டது. போகும்போது அவள் என் கையைப் பிடித்தாள், அதற்கு முன் ஒருநாளும் அவள் என்னைத் தொட்டதில்லை, கோர்ட் படியில் சாய்ந்ததைத் தவிர. "போயிட்டு வாரேனுங்கம்மா" என்றாள். பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

அவன் வெளியே வந்தபோது எங்கள் தலையில் ஒன்றிரண்டு நரை வந்துவிட்டிருந்தது. கழிவு போக எத்தனை வருஷம் இருந்தானோ, நான் கணக்குப் பார்க்கவில்லை. ஒரு நாள் காலை வாசலில் வந்து நின்றான். இன்னும் ஒல்லியாக, பல் இரண்டு விழுந்து. விடுதலை ஆன கையோடு ஊருக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். ஜெயிலில் கன்னடம் பழகியிருந்தது. இப்போது என்னுடைய உதவி இல்லாமலே இவரோடு பேச முடிந்தது. ஆனால் அவன் தமிழில்தான் பேசினான்.

"ஹைகோர்ட்டுக்கு மேல டில்லியில ஒரு கோர்ட்டு இருக்குதாமுங்களே சாமி? உள்ள ஒருத்தன் சொன்னான்."

"இருக்கு" என்றார் இவர்.

"அன்னைக்கே ஏனுங்க சொல்லலை?"

"அங்க போயிருந்தாலும் இதே பதில்தான் வந்திருக்கும்."

"அது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். இவர் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "இப்ப அனுபவிச்சு முடிச்சாச்சேப்பா. இனிமே எதுக்கு?" என்றார்.

"நாஞ் செய்யலீங்களே" என்றான்.

அவன் அதை நம்பினான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அத்தனை வருஷம் அந்த ஒன்றைச் சொல்லிச் சொல்லி, கிணற்றங்கரையில் நடந்தது அவனுக்குள் அழிந்துவிட்டது. அவள் மேட்டூரில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டதை நான் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான். "புள்ளை?" என்றான். கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றேன். "அப்படிங்களா" என்றான். அங்கே போய்ப் பாரேன் என்று எவ்வளவோ சொன்னேன்.  தன் கேஸ் காகிதங்களை மட்டும் கேட்டான். இவர் பரணிலிருந்து கட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலம். அவன் அதை வாங்கித் துண்டில் சுற்றி அக்குளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டுப் போனான்.

ஊரில் அவனுடைய நிலத்தில் அண்ணனின் பிள்ளைகள் உழுதுகொண்டிருந்தார்கள். அவன் அதைக் கேட்டுச் சண்டை போடவில்லையாம். தோட்டத்து ஓரத்தில் ஓலை வேய்ந்த ஒரு சாளை கொடுத்திருந்தார்கள், அதில் படுத்துக்கொண்டிருந்தான். மேட்டூருக்குப் போகவே இல்லை. அவளும் வரவில்லை. மகளுக்கு அங்கேயே கல்யாணம் ஆயிற்று, அப்பாவுக்குச் சொல்லவில்லை என்று கௌதள்ளியிலிருந்து வந்த ஒருவர் சொல்லக் கேட்டேன்.

பல வருஷம் கழித்து ஒருதரம் என் கணவர் ஒரு பத்திரப் பதிவுக்காகக் கொள்ளேகாலம் போயிருந்தார். சாயங்காலம் திரும்பி வந்தவர் சாப்பிட உட்கார்ந்து, சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"கோர்ட்டு வாசல்ல மரத்தடியில அவனைப் பார்த்தேன்."

"யாரை?"

"அவனைத்தான். தெனமும் வந்து உக்காந்துக்கறானாம். கருப்புக் கோட்டு போட்டவா யார் போனாலும் எந்திரிச்சு வந்து அந்தக் கேஸ் கட்டை நீட்டறான். டில்லிக்கு எழுதணுமாம்."

"உங்களைப் பார்த்து என்ன சொன்னான்?"

"அடையாளம் தெரியலே. எங்கிட்டயும் நீட்டினான். நீங்க வக்கீலுங்களான்னு கேட்டான்."

நான் மோர் ஊற்ற எடுத்த கையோடு நின்றேன்.

"இல்லேன்னுட்டேன்" என்றார்.

அதற்குப் பிறகு கொள்ளேகாலத்துப் பத்திரம் எது வந்தாலும் அவர் வேறு ஆளை அனுப்பிவிடுவார்.